கோவிந்தா... கோபாலா... பயிற்சி ஆச்சா?

சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருமலை மகாதேவர் கோயில் வாசலில் காவி வேட்டியும் கழுத்தில் மாலையும் கையில் பனையோலை விசிறியுமாக ஒரு பெருங்கூட்டம் நிற்கும். மீசை முளைக்காத பையனும் இருப்பான், பேரன் எடுத்த தாத்தாவும் இருப்பார். யாரோ ஒருவர் "கோவிந்தா..." என்று குரல் கொடுப்பார். "கோபாலா..." என்று மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவ்வளவுதான், ஓட்டம் தொடங்கிவிடும்.

இதுதான் சிவாலய ஓட்டம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் இருக்கும் 12 சிவன் கோயில்களை ஒரே மூச்சில் கால்நடையாகத் தரிசிப்பது இந்த வழிபாடு. திருமலையில் கிளம்பி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய் திருநட்டாலத்தில் முடியும். மொத்தத் தூரம் 80 கிலோமீட்டர் என்பவர்களும் உண்டு, 110 என்பவர்களும் உண்டு. போகிற வழியைப் பொறுத்துக் கணக்கு மாறும். பலர் காலில் செருப்புகூட இருக்காது. மாசி வெயிலில், தார் ரோட்டில்!

இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நெஞ்சில் குத்திக்கொள்ள நம்பர் கிடையாது. முதல் பரிசும் இல்லை, கடைசி இடமும் இல்லை. முக்கியமாக, "உன்னால் முடியுமா?" என்று யாரும் கேட்பதில்லை.

இதே தூரம் ஓடும் இன்னொரு கூட்டம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தான். ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆனால் அங்கே கேள்வி கேட்பார்கள். ஏற்கெனவே ஒரு முழு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்த சான்று இல்லாமல் தொடக்கக் கோட்டில் நிற்கவே முடியாது. ஓட ஆரம்பித்த பிறகும் 12 மணி நேரம்தான் கெடு. கெடு முடியும் தறுவாயில் ஒருவர் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியை உயர்த்திச் சுடுவார். அந்தச் சத்தத்துக்கு ஒரு அடி பின்னால் இருந்தாலும், ஓடிய 90 கிலோமீட்டரும் கணக்கில் சேராது.

எது சரி? எல்லோரையும் வா என்று அழைப்பதா, சான்று கேட்பதா?

ஓட்டக்காரர்கள் நடுவே இந்தச் சண்டை பல வருடங்களாக நடக்கிறது. ஒரு கட்சி, "ஒழுங்காகப் பயிற்சி எடுக்காத ஆட்கள் பெரிய பந்தயங்களில் புகுந்து இடத்தை அடைக்கிறார்கள், பந்தயத்தின் மரியாதையே போச்சு" என்கிறது. இன்னொரு கட்சி, "ஓடுவது யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை, ஆசைப்பட்ட எல்லோரும் ஓடலாம்" என்கிறது. இரண்டு கட்சியும் ஒரே தப்பைச் செய்கின்றன. மெதுவாக ஓடுகிறவனையும் தயாராகாமல் வந்தவனையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்கின்றன. இரண்டும் வேறு வேறு.

ஃபவுஜா சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய விவசாயி. 2000-ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானை ஓடினார். அப்போது அவருக்கு வயது 89 என்று சொல்லப்பட்டது. எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 54 நிமிடம். ஜெயித்தவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியே எழுந்திருப்பார்! ஆனால் அவரைத் தயாராகாதவர் என்று சொல்ல முடியுமா? பயிற்சியாளர் வைத்து, உடம்பைப் பழக்கி, தன் வேகம் எது என்று தெரிந்துகொண்டு வந்தவர். 2025 ஜூலையில் தன் சொந்த ஊருக்கு அருகே சாலை விபத்தில் இறக்கும் வரை ஓட்டத்தின் அடையாளமாகவே இருந்தார். மெதுவானவர்தான், ஆனால் தயாரானவர்.

'தகுதி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கவும் காரணம் உண்டு. 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் என்ற மாணவி ஓடினார். பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் பதிவு செய்திருந்ததால் பெண் என்று யாருக்கும் தெரியவில்லை. வழியில் பார்த்துவிட்ட பந்தய அதிகாரி ஒருவர் ஓடிவந்து அவருடைய நம்பரைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். பெண்களின் உடம்பு இவ்வளவு தூரம் தாங்காது என்பது அந்தக் காலத்து 'அறிவு'. உண்மையில் அவர் பயிற்சியிலேயே மாரத்தான் தூரத்தைத் தாண்டி ஓடிப் பார்த்துவிட்டு வந்தவர். பாஸ்டன் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-இல்தான். ஆக, வாசலில் நிற்கும் காவல்காரர் எப்போதும் பயிற்சியைத்தான் பார்க்கிறார் என்று நம்பிவிடக் கூடாது. சில சமயம் ஆளைப் பார்த்தே துரத்திவிடுவார்.

அதே பாஸ்டன் 1970-இல் முதன்முதலாகத் தகுதி விதி கொண்டுவந்தது. 4 மணி நேரத்துக்குள் முடிக்கும் அளவுக்குப் பயிற்சி எடுத்திருக்கிறார் என்று சான்று வேண்டும், அவ்வளவுதான். விதி பார்த்தது பயிற்சியை. இன்றைக்கு? 2026 பந்தயத்துக்கு 18 முதல் 34 வயது வரையுள்ள ஆண்கள் 2 மணி 55 நிமிடத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். அதை எட்டிய எல்லோருக்கும்கூட இடம் கிடைப்பதில்லை. இது பாதுகாப்புக்கான விதி இல்லை, கிராக்கிக்கான விதி. இடம் குறைவு, கேட்பவர் அதிகம், அதனால் விலை ஏறுகிறது. பொருளாதாரப் பாடத்தின் முதல் அத்தியாயம்! இதில் தப்பில்லை. ஆனால் அதைப் பாதுகாப்பு என்று பெயர் மாற்றிச் சொல்லக் கூடாது.

அப்படியானால் தயாராகாமல் வருகிறவனைப் பற்றி என்ன சொல்வது? கணக்குப் பதிவியலில் ஒரு பால பாடம் உண்டு: ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயோ ஒரு வரவு இருந்தே தீரும். பயிற்சி எடுக்காமல் மிச்சம் பிடித்த ஆறு மாதமும் யாரோ ஒருவர் கணக்கில் எழுதப்படும். ஆம்புலன்ஸ் டிரைவர் கணக்கில், மருத்துவ முகாமில் இருக்கும் ஒரே டாக்டர் கணக்கில், கூட ஓடி வந்தவன் கணக்கில், கடைசியில் வீட்டில் இருக்கும் அம்மா கணக்கில்.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. காரணம் தாகம் இல்லை, அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர்! 4 மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும், ஓடும்போதே உடல் எடை கூடியவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. மெதுவாக ஓடுகிறவனுக்கு ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது. பயம் வேறு. குடிக்கிறான், குடிக்கிறான், கடைசியில் தலை சுற்றி விழுகிறான். எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதும் பயிற்சியில்தான் தெரியும்.

இங்கே முதல் கட்சிக்காரர்கள் "பார்த்தீர்களா?" என்று எழுந்துகொள்ள வேண்டாம். 2021 மே 22-இல் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். நடுவழியில் ஆலங்கட்டி மழையும் உறைய வைக்கும் காற்றும் அடித்தன. 21 பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் லியாங் ஜிங் போன்ற முதல்தர சாம்பியனும் உண்டு. காற்றைத் தடுக்கும் மேல்சட்டை அந்தப் பந்தயத்தில் கட்டாயமாக இருக்கவில்லை. ஒரு ஆடு மேய்ப்பவர் தன் குகைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காப்பாற்றியதில் 6 பேர் பிழைத்தார்கள். சாம்பியன்கள் தயாராக இருந்தார்கள், பந்தயத்தை நடத்தியவர்கள் தயாராக இல்லை. ஓடுகிறவனிடம் சான்று கேட்கிறவர்கள் தங்கள் சான்றையும் காட்ட வேண்டும்.

இனி நம்மூர் ஓட்டத்துக்குத் திரும்பலாம். அங்கே யாரும் சான்று கேட்பதில்லை என்று மேலே சொன்னது முழு உண்மை இல்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அங்கேயும் ஒரு வாசல்படி இருக்கிறது. முறையாக ஓடுகிற கோவிந்தன்மார் பல நாள் முன்பே மாலை போட்டு விரதம் தொடங்கிவிடுவார்கள். சாப்பாடு குறையும், உடம்பு இளகும். தனியாக ஓட மாட்டார்கள், பலமுறை ஓடிய பெரியவர் ஒருவரின் பின்னால் குழுவாகப் போவார்கள். ஒவ்வொரு கோயிலிலும் குளியல், கும்பிடு, கொஞ்சம் இளைப்பாறல். வழிநெடுக மோரும் பானகமும் கொடுக்க ஊர்க்காரர்கள் நிற்பார்கள். மோரில் உப்பு, பானகத்தில் வெல்லம்! ஆய்வுக் கட்டுரை படிக்காமலே செய்த ஏற்பாடு. முடியாதவன் பஸ் ஏறிப் போகலாம், அவன் இடம் யாருக்கும் நஷ்டமில்லை. வாசல் அகலமாகத் திறந்திருப்பதற்குக் காரணம், உள்ளே இத்தனை தாங்குகோல்கள் இருப்பதுதான்.

இந்தத் தாங்குகோல்களை எல்லாம் விட்டுவிட்டு, முந்தின நாள் ராத்திரி நண்பன் கூப்பிட்டான் என்று மட்டும் கிளம்புகிற கூட்டமும் இப்போது இருக்கிறது. நாலு கோயில் தாண்டுவதற்குள் பாதம் கொப்புளித்து உட்கார்ந்துவிடுவார்கள். தப்பு ஓட்டத்தில் இல்லை, ஓட்டத்தின் முன்பாதியை வெட்டிவிட்டு வந்ததில் இருக்கிறது. பைக்கிலும் வேனிலும் 12 கோயிலைச் சுற்றுகிறவர்களைப் பற்றிக் கேலி பேசுவார்கள். தன்னால் முடியாது என்று தெரிந்து வண்டியில் போகிறவன் அந்த விஷயத்தில் நேர்மையானவன். ராத்திரியில் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள் நடுவே வேகமாக ஓட்டாமல் இருந்தால் போதும்.

ஆக, பெரிய பந்தயங்களில் சாதாரண ஆட்களுக்கு இடம் உண்டா? உண்டு. கடைசியாக வருகிறவனுக்கும் உண்டு. ஆனால் அவனிடம் மூன்று விஷயம் கேட்கலாம். இதைவிடச் சின்ன தூரம் ஒன்றை முன்பு முடித்திருக்கிறானா? போதும் என்று சொன்னால் நிற்பானா? கெடுவை மதிப்பானா? வயது, ஊர், ஆணா பெண்ணா, எவ்வளவு வேகம், ஷூ எந்தக் கம்பெனி... இதெல்லாம் தேவையில்லை.

சிவாலய ஓட்டத்தின் கதையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சிவபக்தனான புருஷாமிருகத்தை அழைத்துவரப் போன பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று சொல்ல, அது கோபம் கொண்டு துரத்துகிறது. பலசாலிதான், ஆனால் ஓட்டத்தில் அதை ஜெயிக்க பீமனால் முடியாது. காப்பாற்றியது கண்ணன் முன்கூட்டியே கொடுத்தனுப்பிய 12 ருத்திராட்சங்கள். ஒவ்வொன்றாகக் கீழே போட, அது லிங்கமாக மாற, புருஷாமிருகம் நின்று பூஜை செய்யும். அந்த இடைவெளியில் பீமன் ஓடுவான். கடைசியில் ஒரு கால் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே என்று இருக்கும்போது பிடித்துவிடுகிறது. வழக்கு தருமரிடம் போகிறது. சொந்தத் தம்பி என்று அவர் பார்க்கவில்லை. வெளியே இருந்த பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்!

பீமனுக்கே ருத்திராட்சம் தேவைப்பட்டது. அடுத்த சிவராத்திரிக்கு ஓட நினைப்பவர்கள் இப்போதே வாரம் இரண்டு நாள் வெறுங்காலோடு நடந்து பழகலாம்.