"பயன்கள்" என்ற கடைசிப் பத்தி

கடந்த ஞாயிறு மாலை, பொம்மனஹள்ளியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்து மாணவர் ஒருவர் குறிப்பேட்டோடு மாடியேறி வந்தார். பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தாயார் ஓசூர் சாலையின் ஆயத்த ஆடை ஆலையொன்றில் தையல் பணி செய்கிறார். மறுநாள் உள்தேர்வு. கிளைக்கால்கள் பாடத்தின் இறுதியில் "பயன்கள்" என்ற தலைப்பில் ஐந்து வரிகள் இருந்தன. மூன்றாவது வரி, கிளைக்கால்கள் இருமல் மருந்துகளில் கரைப்பானாகப் பயன்படுகின்றன என்றது. "எந்தக் கிளைக்கால்?" என்று கேட்டேன். "பொதுவாத்தான் போட்டிருக்கு, அண்ணா" என்றார்.

இப்பதிவு அந்தப் "பொதுவாக" என்ற சொல்லைப் பற்றியது.

2025 அக்டோபரில் நாடு முழுவதும் பேசப்பட்ட பெயர் கோல்ட்ரிஃப். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் மருந்து அது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதை உட்கொண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தனர். எண்ணிக்கை இருபதைக் கடந்தது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்படும் வரம்பு 0.1 விழுக்காடு. மருந்தில் நஞ்சு கலந்திருந்தது என்று சொல்வது இங்கே பொருந்தாது. புட்டியில் ஏறத்தாழப் பாதி நஞ்சாகவே இருந்தது.

அந்த வாரங்களில் நம் துறை சார்ந்தோரிடமிருந்து நான் கேட்ட பதில்கள் இரண்டு. இது பேராசையின் குற்றம், வேதியியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது முதலாவது. இது ஒழுங்குமுறை அமைப்பின் தோல்வி, வகுப்பறையை இழுக்காதீர்கள் என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே நம்மைக் குற்றக்கூண்டிலிருந்து வெகு வசதியாக இறக்கிவிடுகின்றன என்பதால்தான் எனக்கு அவற்றின்மேல் ஐயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மருந்து உற்பத்தியை மேற்பார்வையிடத் தகுதியுள்ளவராக, மருந்தியல் பட்டதாரியை மட்டுமன்றி, வேதியியலை முதன்மைப் பாடமாகப் பயின்று மூன்றாண்டு உற்பத்தி அனுபவம் பெற்ற அறிவியல் பட்டதாரியையும் 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகள் ஏற்கின்றன. அதாவது நாம் உருவாக்கி அனுப்பும் பி.எஸ்சி. பட்டதாரியின் கையெழுத்தை நம்பியே இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி நிற்கிறது. பொம்மனஹள்ளியில் மஞ்சள் தட மெட்ரோவில் ஏறினால் சிறிது நேரத்தில் ஹெப்பகோடியும் பொம்மசந்திராவும் வந்துவிடும். என் கீழ்வீட்டு மாணவர் இன்னும் ஓரிரு ஆண்டில் அங்கே ஏதேனும் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வெள்ளை அங்கியோடு நிற்கக்கூடும். மூலப்பொருள் பீப்பாயின் முன் நிற்கும்போது அவருக்குத் துணையாக நாம் கொடுத்தனுப்புவது "பொதுவாக" என்ற ஒற்றைச் சொல்லா?

மருந்துக்குரிய கரைப்பான் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரினும் உண்டு. டைஎத்திலீன் கிளைக்கால் அச்சு மை, பிசின், பிரேக் திரவம் ஆகியவற்றுக்கான தொழிற்சாலைச் சரக்கு. மூன்றும் நிறமற்றவை, பிசுபிசுப்பானவை, இனிப்பானவை, நீரில் முழுதும் கரைபவை. கண்ணுக்கும் நாவுக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாட்டைச் சொல்ல வேண்டியது வேதியியல் ஒன்றுதான். கொடுமை என்னவெனில், அதற்குத் தேவையான வேதியியல் முழுவதும் நம் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது!

முதலாண்டு மாணவர் அடர்த்திக் குப்பியைக் கையாள்கிறார். புரோப்பிலீன் கிளைக்காலின் அடர்த்தி ஏறத்தாழ 1.036, டைஎத்திலீன் கிளைக்காலுடையது 1.118. ஒளிவிலகல் எண் முறையே 1.432, 1.447. பீப்பாயில் இருந்தது பெரும்பகுதி மாற்றுச் சரக்கு எனில், இந்த இரு கருவிகளே பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாமாண்டில் பெர்அயோடிக் அமிலப் பிளவை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார். அடுத்தடுத்த கார்பன்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருந்தால் இடையிலுள்ள பிணைப்பு பிளவுறும். புரோப்பிலீன் கிளைக்கால் பிளவுற்று அசிட்டால்டிஹைடும் ஃபார்மால்டிஹைடும் தரும். டைஎத்திலீன் கிளைக்காலிலோ இரு ஹைட்ராக்சில்களுக்கும் நடுவே ஓர் ஈதர் பாலம் கிடக்கிறது, அது பிளவுறாது. வினைவழிமுறையை அம்புக்குறி பிசகாமல் வரையும் மாணவருக்கு, அந்த அம்புக்குறி ஒரு பீப்பாயைத் திருப்பியனுப்பவல்லது என்று நாம் ஒருமுறையேனும் சொன்னதுண்டா?

நஞ்சாகும் விதமும் அப்படியே. ஓரிணைய ஆல்கஹால் ஆக்சிஜனேற்றமடைந்து ஆல்டிஹைடாகி, கார்பாக்சிலிக் அமிலமாகும் என்பது பள்ளி மாணவருக்கும் தெரிந்த வினை. கல்லீரலின் நொதிகள் டைஎத்திலீன் கிளைக்காலின் மீது நிகழ்த்துவது அதையேதான். முடிவில் உருவாகும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரக நுண்குழல் செல்களில் தேங்கி அவற்றைக் கொல்கிறது. சிறுநீர் நின்றுபோகிறது. "ஓரிணைய ஆல்கஹால்களின் வினைகள்" என்ற தலைப்பின் கீழ் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் பாடத்திட்டம் சரிந்துவிடாது.

இது புதிய செய்தியும் அன்று. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். நிறம், மணம், சுவை எல்லாம் பார்த்தார்கள், நச்சுத்தன்மையைப் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய சட்டப்படி அந்நிறுவனத்தின் மீது சாட்ட முடிந்த குற்றம், ஆல்கஹால் இல்லாத ஒன்றுக்கு "எலிக்சிர்" என்று பெயரிட்டது மட்டுமே. அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. நமக்கு? எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில், 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், 1998இல் குர்கானில், 2020இன் தொடக்கத்தில் ஜம்முவின் ராம்நகரில். 2022இல் நம் ஏற்றுமதிச் சரக்கு காம்பியாவில் ஏறத்தாழ எழுபது குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்டது. மும்பை நிகழ்வை விசாரித்த நீதிபதி லெண்டின் ஆணையத்தின் அறிக்கை இருக்கிறது. எந்த வேதியியல் துறையின் நூலகத்தில் அது இருக்கிறது?

"பயன்பாட்டு வேதியியல்" என்ற பெயரில் நாம் நடத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022இல் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, பன்னிரண்டாம் வகுப்பின் "அன்றாட வாழ்வில் வேதியியல்" பாடத்தை என்.சி.இ.ஆர்.டி. நீக்கிற்று. அதற்காகக் கண்ணீர் விட்டவர்களோடு என்னால் முழுமையாகச் சேர இயலவில்லை. அப்பாடம் பெரும்பாலும் ஒரு பட்டியல்: வலிநீக்கி, எடுத்துக்காட்டு, அமிலநீக்கி, எடுத்துக்காட்டு, செயற்கை இனிப்பூட்டி, எடுத்துக்காட்டு. கல்லூரியில் அதே பட்டியல் சற்றுத் தடித்த அட்டையோடு திரும்பி வருகிறது. பிற துறை மாணவர்க்கு எளிதில் மதிப்பெண் தரும் விருப்பப் பாடமாகவும் அது வாழ்கிறது. பட்டியலை மனனம் செய்வதற்கு வேதியியல் எதற்கு? அதற்கு மருந்துக்கடை போதுமே.

ஆய்வகத்தில் ஆஸ்பிரின் தயாரிக்கிறோம். மதிப்பெண் விளைச்சல் சதவீதத்துக்கு. நான் இளநிலையில் சரியாக உலராத பொடியை எடைபோட்டு 96 விழுக்காடு காட்டி முழு மதிப்பெண் வாங்கியவன், வெட்கத்தோடு சொல்கிறேன். ஒரு துளி ஃபெரிக் குளோரைடு இட்டிருந்தால், வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் ஊதா நிறத்தில் தன்னைத் தெரிவித்திருக்கும். அச்சோதனை செய்முறைக் குறிப்பேட்டில் அச்சாகியே இருந்தது. அதற்கு மதிப்பெண் இல்லாததால் எவரும் செய்யவில்லை. எவ்வளவு கிடைத்தது என்று கேட்கப் பழக்கினார்கள்; கிடைத்தது என்ன என்று கேட்கப் பழக்கவில்லை. தொழிற்சாலையில் நிகழ்வதும் இதே பழக்கத்தின் நீட்சி என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள். சொல்லட்டும் விடுங்கள்.

பேராசையைப் பாடத்திட்டம் தடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். முதலாளி கையெழுத்திடச் சொல்லும்போது, சொற்ப ஊதியத்திலுள்ள இளைஞர் மறுப்பது எளிதன்று. ஆயினும், தான் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று அறிந்து அஞ்சுபவரும், அறியாமலே கையெழுத்திடுபவரும் ஒருவரல்லர். முன்னவர் ஒருநாள் யாருக்கேனும் தொலைபேசியில் சொல்லிவிடக்கூடும். "தொழிற்சாலை பயிற்சி தந்துகொள்ளும்" என்பாருக்கு ஒரு கேள்வி: சோதிக்காமலிருப்பதில் ஆதாயம் காணும் தொழிற்சாலையிடமா சோதிக்கும் பயிற்சியை ஒப்படைப்பது?

நான் கேட்பது மூன்று செய்முறை வகுப்புகள். பெயர்ச்சீட்டு இல்லாத மூன்று குப்பிகள், கையுறை, அடர்த்திக் குப்பி, ஒளிவிலகல்மானி, பெர்அயோடேட் தரம்பார்த்தல். மூன்றாவது வகுப்பில் தூய புரோப்பிலீன் கிளைக்காலில் 0.1 விழுக்காடு மட்டும் நஞ்சைக் கலந்து கொடுங்கள். அடர்த்தி நான்காம் தசம இடத்தில் ஒன்றுகூட நகராது. மாணவரின் கருவி ஊமையாகிவிடும். வாயு வண்ணப்பிரிகை எதற்கென்று அப்போது விளக்கவே வேண்டியிருக்காது, அவரே கேட்பார். கருவி இல்லாத கல்லூரிகள், இருக்கும் கல்லூரிக்கு மாணவர்களை ஒருநாள் அழைத்துச் செல்லலாம். இதில் எதற்குப் பல்கலைக்கழக மானியக்குழுவின் சுற்றறிக்கை வேண்டும்?

அன்று மாலை மாணவரிடம் மூன்று அமைப்பு வாய்பாடுகளையும் வரையச் சொன்னேன். வரைந்தார். பெர்அயோடிக் அமிலம் எதைப் பிளக்கும் என்று கேட்டதும் தாமாகவே ஈதர் பாலத்தைச் சுட்டி, "இது உடையாது" என்றார். சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அங்க யாருமே பாக்கலையா, அண்ணா?" என்றார்.

திங்களன்று தேர்வு முடிந்தது. வினா: கிளைக்கால்களின் பயன்கள் இரண்டினை எழுதுக. "புரோப்பிலீன் கிளைக்கால் மட்டும், டைஎத்திலீன் கிளைக்கால் கூடாது" என்று எழுதியிருக்கிறார். விடைக்குறிப்பில் அவ்வாறு இல்லை என்பதால் அந்த வரிக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள்.