இரண்டாவது தட்டு

ஈழத்தமிழர் கிறிஸ்மஸை 'நத்தார்' என்பர். போர்த்துக்கீசரின் 'நத்தால்' என்ற சொல்தான் நம் நாவில் நத்தார் ஆயிற்று. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கிறிஸ்தவ வீடுகளில் நத்தார் வருகிறது என்பதற்கு முதல் அறிகுறி பழம் வெட்டும் ஓசை. முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழம், சீனிப்பாகில் இறுகிய நீற்றுப்பூசணி, இஞ்சிப்பாகு, மரமுந்திரிகைப் பருப்பு என ஒவ்வொன்றையும் சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கி, கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய் சேர்த்து, அதன் மேல் பிராந்தி ஊற்றி மூடி வைப்பார்கள். வாரக்கணக்கில் ஊறிய பின்னரே ரவையும் பட்டரும் முட்டை மஞ்சட்கருவும் அதனோடு சேரும். வீட்டில் வசதியில்லாதோர் கலவையைத் தட்டில் பரப்பிப் பேக்கரிப் போறணையில் கொடுத்து வேகவைத்த காலமும் உண்டு.

வெந்த கேக்கை விரலளவு துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றி, அதன் மேல் வர்ணத்தாள் சுற்றுவது இலங்கை வழக்கம். இன்றைய தலைமுறை அதே பழக்கலவையை மாவில் குழைத்து, 'குக்கீ' என்ற பெயரில் சிறு விசுக்கோத்துகளாகச் சுடுகிறது. இதைப் புதுமை என்று முகம் சுளிப்போர் ஒன்றை அறிந்துகொள்ளலாம். அமெரிக்கரின் 'குக்கீ', சிறு கேக் என்னும் பொருளுடைய 'கூக்யே' என்ற ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டுக் கொக்கிஸின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது. போர்த்துக்கீசர் 1624இல் இங்கே கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639இல் அதைப் பிடித்தனர். ஆங்கிலேயர் 1795இல் வந்து, 1957இல்தான் தம் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். வந்தவர் எல்லோரும் போய்விட்டனர். அவர்களுடைய பலகாரங்கள் நம் குசினிகளில் தங்கிவிட்டன. இன்றும் நாட்டுக்கான கோதுமை மாவை அரைக்கும் பெரிய ஆலையொன்று சீனக்குடாவில் இதே துறைமுகக் கரையில்தான் இருக்கிறது.

பிராந்தி சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. திருகோணமலையில் மார்கழி என்பது வடகீழ்ப் பருவமழைக் காலம். ஈரக்காற்றில் எந்தப் பலகாரமும் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். சீனியும் மதுசாரமும் சேர்ந்தால் கேக் வாரக்கணக்கில் கெடாது. பழத்தின் மணத்தையும் வாசனைத் திரவியங்களின் மணத்தையும் மதுசாரம் இழுத்து ஒன்றாக்கி விடுகிறது. ஆகவே பிராந்தி சேர்ப்பதை நான் குறை கூறப் போவதில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். இந்தப் பலகாரம் சுட்ட வீட்டில் மட்டும் உண்பதற்குரியதன்று. நத்தாரன்று தட்டில் அடுக்கி, துணியால் மூடி, அயல் வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். அந்த அயல் வீடுகள் யாருடையவை? 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்ற மூவினத்தாரில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஒரு வீட்டு வேலிக்கு அப்பால் முஸ்லிம் குடும்பம், மறுபக்கம் சைவக் குடும்பம், எதிரே பௌத்தர். முஸ்லிம்களுக்கு மது முற்றாக விலக்கப்பட்டது. பௌத்தரின் பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மதுவைத் தவிர்ப்பது. போயா தினங்களில் நாடெங்கும் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. சைவர்களுக்கோ மார்கழி விரத மாதம். பிள்ளையார் பெருங்கதையும் திருவெம்பாவையும் நத்தாரை ஒட்டியே வருகின்றன. முட்டை சேர்ந்த எதையும் அந்நாட்களில் அவர்கள் தொடமாட்டார்கள். கிறிஸ்தவர்களுக்குள்ளும் மெதடிஸ்த சபையினரிடையே மதுவிலக்கு மரபு உண்டு. அமெரிக்க மெதடிஸ்தரான தோமஸ் வெல்ச் 1869இல் புளிக்காத திராட்சைச் சாற்றைப் போத்தலில் அடைத்தது நற்கருணைக்கு மதுவற்ற இரசம் வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்த நிலையில் பல வீடுகளில் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. "அடுப்புச் சூட்டில் எல்லாம் ஆவியாகிப் போய்விடும், பேசாமல் கொடுத்துவிடுங்கள்" என்பதே அது. இது உண்மையன்று. அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட அட்டவணைப்படி, கலவையோடு சேர்த்து வேகவைத்த மதுசாரத்தில் 15 நிமிடத்தின் பின்னர் ஏறக்குறைய 40 வீதம் எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்தின் பின்னர் 25 வீதம். இரண்டரை மணி நேரத்தின் பின்னரும் 5 வீதம். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகும் கேக்கைவிட, கால் மணி நேரத்தில் வெந்துவிடும் விசுக்கோத்தில்தான் ஊற்றிய பிராந்தியின் பெரும்பங்கு தங்குகிறது. வெந்து ஆறிய கேக்கின் மேல் கரண்டியால் தெளிக்கும் பிராந்தியோ அடுப்பையே காண்பதில்லை.

அதனால் எவருக்கும் வெறி ஏறாது என்பது உண்மைதான். நூறு துண்டுகளுக்கு ஒரு கோப்பை பிராந்தி. ஒரு துண்டில் இருப்பது சில துளிகள். ஆனால் கேள்வி அளவைப் பற்றியதன்று. அதிகமாக உட்கொண்டால் போதை தரும் பொருள் சிறிதளவிலும் விலக்கப்பட்டதே என்பது இஸ்லாமிய மரபில் நன்கறியப்பட்ட விதி. அந்த விதி சரியா பிழையா என்று தீர்மானிக்கும் உரிமை கேக் சுட்டவருக்கு இல்லை. மதுவிலிருந்து பெரும்பாடுபட்டு மீண்ட ஒருவர் அந்த அயல் வீட்டில் இருந்தால், சில துளியின் மணமே அவருக்கு அதிகம். அவர் வாயில் போகும் பொருளில் என்ன இருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்துகொண்டே மறைப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும், ஏமாற்றுதான்.

நம் பகுதியின் அண்மைக்கால வரலாற்றை எண்ணிப் பார்த்தால் இது சமையற்குறிப்பு மட்டும் அன்று என்பது விளங்கும். 2013இல் உணவுப் பொதிகளில் இருந்த 'ஹலால்' முத்திரைக்கு எதிராகத் தென்னிலங்கையில் பெரும் இயக்கமே நடத்தப்பட்டது. உள்ளூர்ச் சந்தைக்கான பொருட்களில் அம்முத்திரையைக் கைவிட உலமா சபை இணங்க நேர்ந்தது. 2018இல் ஆசிரியைகளின் ஆடை தொடர்பாகத் திருகோணமலைப் பாடசாலையொன்றில் எழுந்த பிணக்கு, தமிழரையும் முஸ்லிம்களையும் எதிரெதிரே நிறுத்தியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் வெடித்த குண்டுகள் கிழக்கிலே மட்டக்களப்பையும் விட்டுவைக்கவில்லை. குற்றமிழைத்த சிலருக்காக ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் நிலை அதன் பின் பல இடங்களில் ஏற்பட்டது. இவ்வளவுக்குப் பின்னரும் நத்தார்த் தட்டு வேலியைக் கடந்து போகிறது, நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் திரும்பி வருகிறது என்றால், அது சாதாரண விடயமா? அரசியல்வாதிகளும் சமயத் தலைவர்களும் மேடை போட்டுச் செய்ய இயலாததை ஒரு தட்டும் ஒரு துணியும் செய்கின்றன. அந்தத் தட்டை முஸ்லிம் வீட்டார் நம்பி வாங்கவும், நம்பித் தம் பிள்ளைக்குக் கொடுக்கவும் முடிய வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு முறை உடைந்தால், மறு ஆண்டு அவர்கள் புன்னகையோடு வாங்கி, பின்புறமாகக் கொட்டிவிடுவார்கள். நமக்குத் தெரியவும் வராது.

இதற்கு வழியை நம் தாய்மாரில் பலர் முன்னரே கண்டிருக்கிறார்கள். பிராந்தி சேர்த்தது ஒரு தட்டு. சேர்க்காதது இரண்டாவது தட்டு. அதைத்தான் நான் வலியுறுத்துகிறேன்.

இரு மறுப்புகள் எழக்கூடும். தனித்தட்டு வைப்பதே மனிதரைப் பிரித்து வைப்பதாகாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். தனித்தட்டு அயலவரை ஒதுக்கி வைப்பதில்லை. அவரைத் தனியே நினைத்துப் பார்த்ததன் அடையாளம் அது. தட்டே அனுப்பாமல் விடுவதுதான் பிரிவினை. மற்றது, வேலைப் பளு. இதில் நியாயம் உண்டு. பட்டரும் முட்டையும் எரிவாயுவும் தட்டுப்பாடாயிருந்த 2022இல் ஒரு தட்டுக்கே பல வீடுகளில் வழியிருக்கவில்லை. பழம் வெட்டுவதும் முட்டை அடிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. அதற்குத் தீர்வு, ஆண்களும் கத்தியை எடுத்துப் பழம் வெட்ட உட்காருவது. அதுவும் இயலாவிடின் எல்லாவற்றையும் பிராந்தி இல்லாமலே சுடலாம், பெருநாள் குறைந்துவிடாது.

இரண்டாவது தட்டுக்குரிய பழத்தைக் கடுஞ்சாயத் தேநீரும் தோடம்பழச் சாறும் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு ஊறவைத்தால் போதும். இஞ்சிப்பாகின் காரம் பிராந்தியின் காரத்துக்கு ஓரளவு ஈடுசெய்யும். வனிலா எசன்ஸிலும் கவனம் வேண்டும். அசல் வனிலாச் சாற்றில் குறைந்தது 35 வீதம் மதுசாரம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நியமம். அதற்குப் பதில் பன்னீரும் ஏலமும் சேருங்கள். நம் நாட்டு மணம் அதுதான். சுத்தமான பாத்திரத்தில் இந்தத் தட்டை முதலில் சுட்டுவிடுங்கள். மதுசாரம் இல்லாதபடியால் நெடுநாள் தாங்காது. சுட்ட சூட்டோடு அனுப்பிவிடுங்கள். இதற்குப் பச்சைத் தாள், மற்றதற்குச் சிவப்புத் தாள் என்று சுற்றினால் குழப்பம் வராது. விரதம் பிடிக்கும் சைவ வீட்டுக்கு முட்டை சேராத முறுக்கும் பயத்தம் பணியாரமும் போகட்டும். கொடுக்கும்போது, "அக்கா, இதிலை பிராந்தி இல்லை, முட்டை மட்டும் இருக்கு" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

கேக் விற்கும் கடைக்காரருக்கும் இதே வேண்டுகோள். மது சேர்த்திருந்தால் பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதுங்கள். வாங்குபவர் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்ற நிலை கூடாது.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். அங்கே அயலில் இருப்பவர் சோமாலியராகவோ பஞ்சாபியராகவோ இருக்கலாம். உங்கள் பிள்ளையின் வகுப்பில், மரமுந்திரிகைப் பருப்பு ஒன்றைத் தின்றாலே மூச்சுத் திணறும் குழந்தை இருக்கலாம். என்ன சேர்த்திருக்கிறோம் என்று சொல்லிக் கொடுங்கள். கொடுக்கும் முன் அவர்கள் என்ன உண்பார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டுத்தான் நம்மில் பலர் தட்டு அனுப்புவதையே நிறுத்திவிட்டோம். இவ்வாண்டு பழம் வெட்டத் தொடங்கும்போதே அயல் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.