'எழுதிக் கொடுத்துட்டுப் போங்க'

புகார் மனுவோடு காவல் நிலையப் படியேறிய எவருக்கும் பழக்கமான வாசகம் ஒன்று உண்டு: 'சமாதானமாப் போறோம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க.' வரப்புத் தகராறிலும் குழாயடிச் சண்டையிலும் அதைக் கேட்கிறோம். அங்கே அது ஓரளவு பொருந்தவும் செய்யும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபவீட்டுக்குள் புகுந்து நாற்காலிகளை உடைத்து, போதகரின் சட்டையைப் பிடித்து இழுத்து, மைக் பெட்டியைத் தெருவில் வீசியவர்கள் மீது புகார் கொடுக்கப் போனாலும் இதே வாசகம்தான் காத்திருக்கிறது. ஆனால், அப்போது அதற்கு ஒரு வால் முளைத்துவிடுகிறது: 'நீங்கதான் மன்னிக்கிறவங்களாச்சே!'

அந்த வாலைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரை வெளியூர்க்காரர்கள் ஆண்டாளுக்காகவும் பால்கோவாவுக்காகவும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கோ இது கோர்ட்டு ஊர். ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இங்கேதான் இருக்கிறது. சிவகாசிப் பட்டாசு விபத்து வழக்கும் ராஜபாளையத்துச் சொத்து வழக்கும் வாய்தாவுக்கு வாய்தா இங்கேதான் வந்து பஸ் இறங்குகின்றன. எந்த வழக்கு ராஜியில் முடியும், எது முடியாது என்று நீதிமன்ற வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை: கிறிஸ்தவர்களின் மன்னிப்பு அவர்களுடைய சொந்தச் சொத்து. அதை எடுத்து வழக்கை அடைக்கும் உரிமை காவல் துறைக்கும் இல்லை, வட்டாட்சியர் அலுவலகச் சமாதானக் கூட்டத்துக்கும் இல்லை, சபைத் தலைவர்களுக்கும்கூட இல்லை.

இந்தியாவில் மன்னிப்பு என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் படுத்திருந்த அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸும் 10 வயது பிலிப்பும் 6 வயது திமோத்தியும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பாரிபதாவில் தொழுநோயாளிகளைப் பல்லாண்டுகளாகப் பராமரித்துவந்த குடும்பம் அது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அந்தத் தாய் சொன்னார். சொன்னதோடு சொந்த நாடான ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிடவில்லை; மகளோடு மேலும் சில ஆண்டுகள் அதே தொழுநோய் இல்லத்தை நடத்தினார். 2005இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவந்தது.

கதையின் இந்தப் பாதியைப் பள்ளிக்கூட மேடைகளிலும் கிறிஸ்துமஸ் விழாக்களிலும் எல்லோரும் சொல்கிறார்கள். மற்ற பாதியைச் சொல்வோர் குறைவு. அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. 2003இல் விசாரணை நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியான தாரா சிங்குக்கு மரண தண்டனை விதித்தது; 2005இல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது; 2011 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதிசெய்தது. தண்டனை பெற்ற இன்னொருவரான மகேந்திர ஹெம்பிராம் கால் நூற்றாண்டு சிறையில் கழித்த பிறகு, 2025 ஏப்ரலில் நன்னடத்தைக்காக விடுவிக்கப்பட்டார். மன்னிப்பு ஒரு தடத்தில் போயிற்று, சட்டம் தன் தடத்தில் போயிற்று. ஒன்றின் குறுக்கே மற்றொன்று விழவில்லை. விடுதலை வந்தபோதும் அது சட்டத்தின் வழியாகவே வந்தது.

'இதெல்லாம் கோர்ட்டு நியாயம். விசுவாசத்துக்கு வழக்கு ஒத்துவருமா?' என்று சபைக்குள்ளிருந்தே கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய வேதத்தையே அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரைத் தலைமைக் குருவின் முன்னால் ஒரு காவலன் அறைந்தபோது அவர் வாய்மூடி நிற்கவில்லை. நான் பேசியதில் தவறு எது, தவறில்லையென்றால் ஏன் அடித்தாய் என்று திருப்பிக் கேட்டார். பவுலின் கதை இன்னும் சுவையானது. பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அவரையும் சீலாவையும் தடியால் அடித்துச் சிறையில் தள்ளினார்கள். மறுநாள் காலை அதிகாரிகள், சத்தமில்லாமல் போய்விடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நம் ஊர் பாஷையில் 'எழுதிக் கொடுத்துட்டுப் போங்க' என்பதுதான் அது. பவுல் அசையவில்லை. ரோமக் குடிமக்களை எல்லோர் முன்னிலையிலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே கூட்டிப்போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்தார்கள், வருத்தம் தெரிவித்தார்கள். முந்தின இரவு அதே பவுல், தப்பி ஓட வழி திறந்தும் ஓடாமல், தற்கொலைக்குத் துணிந்த சிறைக்காவலரைக் காப்பாற்றியிருந்தார். அடித்தவர்கள் மீது பகை இல்லை, குடியுரிமையை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே இரவு இடைவெளியில் இருந்தன.

தேவசகாயத்தை இங்கே இழுப்பவர்களும் உண்டு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவர். அவருடைய பொறுமை பெரியதுதான். ஆனால், அவரைச் சிறைப்படுத்தியதே திருவிதாங்கூர் அரசு. முறையிட அவருக்கு வேறு வாசல் இருக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 6.12 விழுக்காடாக இருக்கும் கிறிஸ்தவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. வாசல் இருக்கும்போது தட்டாமல் இருப்பதைத் தியாகக் கணக்கில் எழுதிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 298ஆம் பிரிவிலும், வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது 300ஆம் பிரிவிலும் வருகின்றன. பழைய தண்டனைச் சட்டத்தில் இவை 295, 296. இரண்டும் போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்தாக வேண்டிய குற்றங்கள். அத்தகைய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அதைவிட முக்கியமானது, இவை இரு தரப்பும் கூடிப் பேசி ராஜி செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. சட்டம் ராஜிக்கே விடாத குற்றத்தை மனு ரசீதோடு முடித்து அனுப்பும் அதிகாரம் எந்த ஆய்வாளருக்கு உண்டு?

அப்படி முடிக்க முடிக்க என்ன ஆகும் என்பதை ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் பார்த்தோம். 2008 ஆகஸ்ட் 23 அன்று சுவாமி லட்சுமணானந்தா சரஸ்வதி கொல்லப்பட்டார். அது கொடூரமான கொலை. அதற்கான பழி அந்த மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் தலையில் விழுந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன, பல்லாயிரம் பேர் காட்டிலும் முகாம்களிலும் தங்கினார்கள். கட்டக்-புவனேஸ்வர் பேராயர் ரபேல் சீனாத் ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பு வந்தது. பதிவான 827 வழக்குகளில் 315 குற்றப்பத்திரிகையே இல்லாமல் மூடப்பட்டிருந்தன. விசாரணை முடிந்த 362இல் 78இல் மட்டுமே தண்டனை. மூடிய வழக்குகளை மறுபடி பார்க்கவும் கூடுதல் இழப்பீடு கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்பு வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் பேராயர் காலமானார்.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடித்து முற்றத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளைகள் குண்டுக்கு இரையானார்கள். சந்தேகப்பட்டு அந்த ஆளை உள்ளே விடாமல் தடுத்த சபையார் ஒருவர் தன் உயிரைக் கொடுத்ததால், உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். கொழும்பு, நீர்கொழும்பு ஆலயங்களையும் ஓட்டல்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் 260க்கு மேல். முஸ்லிம்கள் மீது யாரும் கைவைக்கக் கூடாது என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் தம் மக்களைக் கட்டிப்போட்டார். அதே கர்தினால்தான் அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக, முன்கூட்டியே தகவல் வந்தும் ஏன் தடுக்கவில்லை என்று ஆட்சிக்கு ஆட்சி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாதிக்கப்பட்டோரும் மற்றவர்களும் தொடுத்த மனுக்களில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. பழி வாங்காதவர்களால் நாட்டின் முன்னாள் தலைவரையே பதில் சொல்ல வைக்க முடிந்திருக்கிறது.

இனி, எதிர்வாதங்கள். 'கேஸ் கீஸ்னு போனா நாளைக்கு அதே தெருவுல எப்படிக் குடியிருக்கிறது?' என்பதை நாம் லேசாகத் தள்ளவில்லை. அடித்தவன் பக்கத்துத் தெருக்காரன், அவன் வீட்டில்தான் பால் வாங்க வேண்டும், அவன் வயலில்தான் நாற்று நட வேண்டும். இந்தப் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரும் சிவகாசியும் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலத்தில், 1895இல் கழுகுமலையில் தேரோட்டமும் கிறிஸ்தவ ஆலயத்துப் பந்தலும் மோதி உயிர்கள் போயின. 1899 ஜூன் 6 அன்று சிவகாசி சூறையாடப்பட்டது. கழுகுமலையில் மதத்துக்கு அடியிலும் சிவகாசியில் வெளிப்படையாகவும் கிடந்தது, யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்ற சாதிக் கேள்வி. அந்த ஊர்களில் இன்று எல்லோரும் சேர்ந்து வாழ்கிறார்கள். குற்றங்களை மூடி மறைத்து வந்த வாழ்வல்ல அது. சிவகாசி வழக்குகளில் நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டார்கள். சமாதானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதல் தகவல் அறிக்கைக்குப் பிறகு அது வரட்டும். அது எப்படி வர வேண்டும் என்பதற்கும் நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் கடற்கரைக்கே போனார், மீனவர் குடிசைகளுக்கு நடந்தார், இரு தரப்பையும் பேசவைத்தார். ஒரு சைவ ஆதீனகர்த்தர் அடிபட்டவர்களைத் தேடிப் போன சமாதானம் அது. அடிபட்டவர்களைத் தாலுகா ஆபீசுக்கு வரவழைத்துக் கையெழுத்து வாங்குவதற்கும் அதே பெயரை வைத்துவிட்டோம்.

'மதம் மாத்தினா அடி விழத்தானே செய்யும்?' என்பது அடுத்தது. ஸ்டெயின்ஸ் தீர்ப்பிலேயே இந்தச் சாயலில் சில வரிகள் நுழைந்திருந்தன; கண்டனம் எழுந்ததும் நான்கே நாளில் உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கியது. மதத்தைப் பரப்பும் உரிமை, இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதும் உண்மைதான். ஏமாற்றியோ மிரட்டியோ மாற்றினார்கள் என்றால் புகார் கொடுக்கலாம். வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியர் அனுமதி இல்லை என்றால் மனுப் போடலாம். அவர் நோட்டீஸ் அனுப்புவார், இவர்கள் பதில் சொல்வார்கள். ஆட்சியர் செய்ய வேண்டிய வேலையைக் கட்டையோடு வரும் கூட்டம் செய்ததும், 'அனுமதி இருக்கா?' என்று அடிபட்டவரிடமே முதல் கேள்வி கேட்பது நாணயமான நிர்வாகம் அல்ல.

சபைகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, அது அவர்களுக்குப் பிடிக்காது. அயலானின் சாமியைச் சாத்தான் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் ஊழியக்காரரை அடக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் வைத்திருக்கும் சபை நீதி கேட்டால் குரல் கம்மும். மசூதி மீது கல் விழுந்த வாரத்தில், தலித் மாப்பிள்ளை ஊர்வலம் மறிக்கப்பட்ட வாரத்தில் ஜெபக் குறிப்பில் அது இடம்பெற்றதா என்பதையும் சபையார் பார்த்துக்கொள்ளட்டும். இவற்றில் எதுவும் கதவை உடைத்தவனுக்குச் சாக்காகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் நாம் கேட்பது ஒரு சுற்றறிக்கை: வழிபாட்டுக் கூட்டம் தாக்கப்பட்டதாகப் புகார் வந்தால், எந்த மதமானாலும், முதல் தகவல் அறிக்கை பதியாமல் சமாதானக் கூட்டம் கூடாது. வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கு ஆட்சியரிடமிருந்தும் அதே உத்தரவு போக வேண்டும். போதகர்களுக்கு இன்னும் எளிதான வேலை இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இதே ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது; பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கும் வசதியற்றோருக்கான இலவச வழக்கறிஞருக்கும் அங்கேதான் மனுக் கொடுக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிவில் கல்யாண ஓலை, காணிக்கைக் கணக்கு, வாலிபர் கூட்டம் என்று அறிவிப்புகள் வாசிக்கிறார்களே, அதோடு இந்த முகவரியையும் ஒருமுறை வாசித்துவிடலாம்.