கைத்தொழிலைக் காட்டிக் கல்வியைப் பறிப்பதா?

முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா என்ற காட்சிக்கூடம் இருக்கிறது. பழைய வீடுகளை ஊர்களிலிருந்து பிரித்து வந்து அங்கே எழுப்பியிருக்கிறார்கள். நெசவாளர் வீடு உண்டு, குயவர் வீடு உண்டு. நல்ல வேலைதான், அழிய இருந்தது நின்றது. நாம் குறை கூறவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்துவிட்டுக் காரில் திரும்பும் கனவான்கள் சிலர் நமக்கு உபதேசம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். "மில்லிலே மனிதன் யந்திரமாகிவிட்டான். அன்று தறியில் உட்கார்ந்தவன் கலைஞன்! பிள்ளைகளுக்கு ஏட்டுப் படிப்பு எதற்கு? அப்பன் கைத்தொழிலைக் கற்றுக்கொடுங்கள்" என்கிறார்கள்.

முன்பாதி உண்மை. நாளெல்லாம் அறுந்த இழையை ஒட்டுகிற தோழனுக்கு அந்த நூல் யார் உடம்பில் ஏறப்போகிறது என்று தெரியாது. நாற்று நடும் பெண்ணுக்கு அந்த நெல்லில் ஒரு மரக்கால் சொந்தமில்லை. உழைப்பாளி தன் உழைப்புக்கே அந்நியனாகிறான் என்று 1844லேயே மார்க்ஸ் எழுதிவைத்தார்.

பின்பாதிதான் மோசடி. காஞ்சிபுரத்தில் முதலாளிக்கு நெய்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். பட்டு அவர் கொடுப்பது, ஜரிகை அவர் கொடுப்பது, புட்டா எங்கே விழவேண்டும் என்பதும் அவர் சொல்வது. நெய்தவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறி வீட்டுக்குள் கிடந்தால் உழைப்பு நம்முடையதாகிவிடுமா?

இந்த உபதேசம் புதிதுமல்ல. 1953ல் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பள்ளிகளில் இதைத்தான் கொண்டுவந்தது. மூன்று மணி நேரம் பாடம். மிச்சப் பொழுதுக்கு அப்பன் தொழில். மக்கள் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டார்கள். எதிர்ப்பு மூண்டது, 1954ல் காமராஜ் மந்திரிசபை அதைக் கைவிட்டது. பட்டணத்து வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திட்டம் கிடையாது என்பதைக் கவனியுங்கள்!

கலை வேண்டாமென்றா சொல்கிறோம்? 1959ல் 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்தவர். பாடுபட்டவன் பலனை யார் தின்கிறான் என்ற கேள்வியைச் சினிமாக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுபோனார். 1961ல் ஜீவா கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கியது மில் நகரமான கோவையிலேதான். உழைப்பவனைக் கேள்வி கேட்க வைக்கும் கலை நமக்கு வேண்டும். வாயடைத்துக் குழித்தறியில் உட்கார வைக்கும் கலையல்ல.

நெசவாளி மகள் படிக்கட்டும். கூலிச்சீட்டைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த பிறகு, விருப்பமிருந்தால் தறியிலும் உட்காரட்டும். கைத்தொழிலின் பெருமை பேசும் கனவான் முதலில் தன் மகனைக் கான்வென்டிலிருந்து நிறுத்திக் குழித்தறியில் இறக்கட்டும். பிறகு நம் சேரிக்கும் பேட்டைக்கும் வரட்டும்!