நலம் விசாரிக்க வேண்டியது இருவரை



மறதி நோய் கண்ட ஒரு பெரியவரை நலம் விசாரிக்கச் செல்கிறோம். கட்டிலருகே அமர்ந்து, "நான் யார் என்று தெரிகிறதா நன்னா?" என்று கேட்கிறோம். அவர் திகைக்கிறார்; என்றோ மறைந்துபோன தம்பியின் பெயரைச் சொல்கிறார். நாம் பெருமூச்சு விட்டு, துஆச் செய்து, தேநீர் அருந்திவிட்டு எழுந்து வருகிறோம். அந்தத் தேநீரைக் கொண்டுவந்து வைத்த பெண்ணிடம், "நேற்றிரவு எவ்வளவு நேரம் உறங்கினாய் அம்மா?" என்று நம்மில் எவரும் கேட்பதில்லை.

நாம் கேட்கத் தவறிய அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதுமையில் வரும் இயல்பான மறதி வேறு, மறதி நோய் வேறு. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோவது முதலாவது. அது கண்ணாடி என்பதே மறந்துபோவது இரண்டாவது. 2023இல் வெளியான ஆய்வொன்று, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் அதிகமானோர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோரைப் பராமரிப்பது மருத்துவமனை அன்று, வீடு. வீடு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அச்சொல்லுக்குள் மறைந்திருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்.

அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்குத் திருப்பப்படும் முதுமையைப் பற்றி அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:70) நமக்கு முன்னரே உணர்த்திவிட்டான். அத்தகைய முதுமையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். ஆகவே இந்நோய் வெட்கத்திற்குரியது அன்று. அதனை ஜின்னின் வேலை என்றும் செய்வினை என்றும் கூறி மாதக்கணக்கில் அலைவது, மருத்துவத்திற்கு உரிய காலத்தை வீணாக்குவதாகும். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவையும் மறதி நோய்போலத் தோற்றம் காட்டும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதைத் தாயத்தில் தேடித் தவறவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

நோயாளியின் வீட்டில் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பெரியவர் அஸர் தொழுது முடித்துக் கால் மணி நேரத்தில், "நான் இன்னும் தொழவில்லை" என்று மீண்டும் உளூச் செய்ய எழுகிறார். பொழுது சாயும் வேளையில் இந்நோயாளிகள் பலருக்குப் பதற்றம் கூடும். மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது, தம் வீட்டிலேயே இருந்துகொண்டு, "என்னை வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று வாசலை நோக்கி நடப்பார். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை, அவ்வாசலுக்கு ஒருபுறம் வாகனங்கள் விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலை; மறுபுறம் கடல். கதவின் தாழ்ப்பாளில் ஒரு காதை வைத்தபடியே அந்தப் பெண் இரவெல்லாம் விழித்திருக்கிறாள்.

அறிவு மங்கியவர் மீது மார்க்கக் கடமைகள் சுமத்தப்படுவதில்லை. விடுபட்ட தொழுகையை எண்ணி அவரைக் கடிந்துகொள்ளவோ, ரக்அத்துகளைத் திருத்திக்கொண்டே இருக்கவோ தேவையில்லை. அவர் நாவில் எஞ்சியிருக்கும் ஃபாத்திஹா அவருக்கு அமைதி தருமாயின் அதுவே போதும். இதனை இமாம்கள் ஜும்ஆ உரையில் ஒருமுறை தெளிவாகச் சொன்னால், எத்தனையோ வீடுகளில் குற்றவுணர்வு நீங்கும்.

இனி, சொல்லச் சற்றுத் தயங்கும் செய்தி. பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களிடம் சலிப்பின் ஒரு சொல்கூடக் கூறலாகாது என்னும் கட்டளை (17:23) பிள்ளைகளை நோக்கியது. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் இஹ்ஸான். அவள் மீது சுமத்தப்பட்ட ஃபர்ளு அன்று. நடப்பதோ வேறு. மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறார். மற்றொரு மகன் வெள்ளிதோறும் வந்து பார்த்துச் செல்கிறார். மூன்றாண்டுகளாக ஓர் இரவும் முழுமையாக உறங்காத மருமகள் ஒருநாள் குரலை உயர்த்தினால், "பொறுமையில்லாதவள்" என்கிறோம். சொர்க்கத்தைத் தேடும் பொறுப்பை நாம் வைத்துக்கொண்டு, அதற்கான உழைப்பை அவளிடம் கொடுத்துவிட்டோம். பொறுமையைப் போதிக்கும் முன், அவளுக்கு ஓய்வைக் கொடுக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் உதவியே இல்லை என்பதில்லை. 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனம், 'டெம்கேர்ஸ்' என்னும் பெயரில் மறதி நோய்க்கெனத் தனிப்பிரிவு நடத்துகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன; படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க வழி உண்டு. 14416 என்ற எண்ணில் 'டெலி மனஸ்' மனநல ஆலோசனை இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நோயாளியைக் கவனிப்பவரும் தம் மனச்சுமையைச் சொல்லி அதில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567 என்னும் எண் உள்ளது.

தொழில்நுட்பமும் துணை நிற்கும். கதவு திறந்தால் மணியடிக்கும் சிறு கருவி, இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரம், மருந்து வேளையை நினைவூட்டும் கைப்பேசி ஆகியவை அந்தப் பெண்ணுக்குச் சில மணி நேர உறக்கத்தையேனும் மீட்டுத் தரும். அவை கிடைக்கும்வரை, வீட்டு எண்ணும் பள்ளிவாசல் எண்ணும் எழுதிய அட்டை ஒன்று பெரியவரின் சட்டைப் பையில் இருக்கட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. துபாயிலிருந்து கேமராவில் தந்தையைப் பார்ப்பது அவரைப் பராமரிப்பது ஆகாது. உடை மாற்றும் அறையில் கேமரா பொருத்துவது அவருடைய அவ்ரத்தையும், அவருக்குப் பணிவிடை செய்பவரின் கண்ணியத்தையும் ஒருசேரக் குலைக்கும்.

கருவியால் ஆகாதது அண்டை வீட்டாரால் ஆகும். இதற்குக் கோவாவில் ஒரு முன்மாதிரி உண்டு. அங்கு நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், உள்ளூர்வாசிகள் சிலருக்கு ஒரு வாரப் பயிற்சி அளித்து, மறதி நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு இரு வாரங்களுக்கு ஒருமுறையேனும் ஆறு மாத காலம் அனுப்பினார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். நோயைப் பற்றி விளக்கினார்கள். அன்றாடப் பணிகளைச் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். கவனிப்பவரின் மனக்குறையைக் கேட்டார்கள். தேவைப்பட்டபோது மனநல மருத்துவரிடம் வழிகாட்டினார்கள். நோய் குணமாகவில்லை. ஆனால் கவனிப்போரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டது.

இதனை ஒரு மஹல்லாவால் செய்ய இயலாதா? ஜமாஅத் முதலில் எத்தனை வீடுகளில் இத்தகைய நோயாளிகள் உள்ளனர் என்று கணக்கெடுக்கலாம். நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கும் நம்மால் இப்பதிவேடும் வைக்க முடியும். ஆர்வமுள்ள சகோதரிகள் நால்வருக்கும் இளைஞர்கள் நால்வருக்கும் மருத்துவர் வழியே பயிற்சி கொடுத்து, வாரம் இரு நாள் அஸர் முதல் இஷா வரை முறைவைத்து அவ்வீடுகளுக்கு அனுப்பலாம். ஏழைக் குடும்பமாயின் மருந்துக்கும் கருவிக்கும் பைத்துல்மால் உதவலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணத்துடன் தம் விடுமுறையில் பாதியையும் அந்தக் கட்டிலருகே செலவிட்டு, அந்த நாட்களில் மனைவியை அவளுடைய தாய்வீட்டிற்கு அனுப்பி வைக்கலாம்.

ஜனாஸாத் தொழுகையை ஃபர்ளு கிஃபாயா என்று கூறி ஊரே திரண்டு நிற்கிறோம். இறந்தவரைச் சுமக்கத் தோள் மாற்றி முந்துகிறோம். உயிரோடிருப்பவரைச் சுமக்கும்போது மட்டும் தோள் மாற்ற ஆள் இல்லாமல் போவது முறையா?

அடுத்த முறை நலம் விசாரிக்கச் செல்லும்போது பெரியவரிடம் பெயர் கேட்டுச் சோதிக்காதீர்கள். ஸலாம் சொல்லி, உங்கள் பெயரை நீங்களே கூறி, கையைப் பற்றிக்கொள்ளுங்கள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "இரண்டு மணி நேரம் நாங்கள் இருக்கிறோம், நீ போய் உறங்கு அம்மா" என்று சொல்லுங்கள்.

நம் பெற்றோர் நமக்குச் சிறுவயதில் காட்டிய கருணையை அவர்களுக்குத் திருப்பிச் செலுத்தும் தவ்ஃபீக்கையும், அப்பணியில் தேய்ந்துகொண்டிருப்போருக்குத் துணை நிற்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.