நெருப்புக்கு ஒரு போர்வை

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் வசிக்கும் நம் சிநேகிதர் ஒருவர், வீட்டுக் கொல்லையில் தம் கையாலேயே ஒரு புகையடுப்புச் செய்தார். மாட்டின் மார்பிறைச்சியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மரப் புகையில் பதமாக வேகவைப்பது அந்நாட்டாரின் கலை. நேயர்களில் பலர் மாமிசம் தீண்டாதவர்கள் என்பதை நாம் அறிவோம். எனினும் நெருப்பின் தர்மம் எல்லோருக்கும் பொதுவானதன்றோ?

சிநேகிதர் அண்டை வீட்டாரை விருந்துக்கு அழைத்தார். பனிக்காலம்; இரவெல்லாம் விழித்திருந்து விறகிட்டார். உண்ண அமர்ந்தபோது இறைச்சி வேம்பாய்க் கசந்தது. "குற்றம் விறகிலா, என் விதியிலா?" என்று நமக்கு எழுதினார். இரண்டிலும் இல்லை, குற்றம் நெருப்பறையில் என்பதே நம் தீர்ப்பு.

இவ்வடுப்பில் இறைச்சி ஓர் அறையிலும், நெருப்பு அதன் பக்கத்து அறையிலும் இருக்கும். இறைச்சிக்கு வேண்டிய உஷ்ணம் 107 முதல் 135 டிகிரி சென்டிகிரேட் வரைதான். விறகு சுத்தமாக எரியவோ அதைப்போலப் பன்மடங்கு உஷ்ணம் வேண்டும். சிநேகிதரின் நெருப்பறை மெல்லிய தகட்டாலானது. அதன் உஷ்ணத்தைக் குளிர்காற்றுக் கவர்ந்து சென்றது. ஈடு செய்ய விறகை வாரிப் போட்டார். உஷ்ணம் மிஞ்சியதும் காற்றுவாயை அடைத்தார். காற்றுக் குறைந்த விறகு எரியாது, குமையும். அப்போது எழும் வெண்புகையிலுள்ள கீல்தான் இறைச்சியில் படிந்து கசந்தது. நன்றாக எரியும் நெருப்பின் புகை, தெரிந்தும் தெரியாத இளநீலமாயிருக்கும்.

ஆகவே நெருப்பறைக்குப் போர்வை வேண்டுவது விறகுச் சிக்கனத்துக்காக மட்டுமன்று. போர்வை இருந்தால், சிறிய நெருப்பே காற்றை நிறையப் பெற்றுத் தெளிவாக எரியும்.

கனமான செங்கல்லை அடுக்கினால் போதாதோ எனலாம். கனம் வேறு, காப்பு வேறு. கனத்த கல் உஷ்ணத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், தடுக்காது. நுண்ணிய துளைகளில் அசையாமல் நிற்கும் காற்றே உஷ்ணத்தைத் தடுக்கிறது. கையில் எடுத்தால் இலேசாயிருக்கும் காப்புச் செங்கல், வெர்மிகுலைட், பீங்கான் பஞ்சு முதலியவை இவ்வகையின. கால் அங்குலத் தகட்டால் உள்பெட்டி. சுற்றிலும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு வெளிப்பெட்டி. நடுவே பீங்கான் பஞ்சு. அடிப்பாகத்தையும் கதவையும் மறத்தலாகாது. இரு பெட்டிகளையும் இணைக்கும் இரும்பு ஒவ்வொன்றும் உஷ்ணத்துக்குப் பாலமாகும். அவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள்: பஞ்சின் தூசி நுரையீரலுக்குத் தீங்கு, ஆதலால் தக்க முகமூடி அணிந்து வேலை செய்து, இடைவெளியை முற்றும் மூடிவிட வேண்டும். துத்தநாகம் பூசிய தகடு கூடாது. சுட்டால் நச்சுப் புகை எழும். பழைய எரிவாயு உருளையை அறுப்பது உயிராபத்து. கூரைக்குள் அடுப்பை மூட்டவே கூடாது. நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

சிநேகிதர் நெருப்பறையைத் திருத்தி அமைத்தார். அண்டை வீட்டாரை மறுபடி அழைக்க அவருக்குச் சற்றுத் தயக்கமே. ஆயினும் அவர்கள் வந்தார்கள். இம்முறை இலையில் ஒன்றும் மிஞ்சவில்லையாம்.