கற்பதற்கு ஏற்ற இயங்குதளம்

மாணவர்களே, நம்மில் பலர் அரசுக் குடியிருப்புகளில் வாழ்கின்றோம். அங்கே சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் தயங்க வேண்டியுள்ளது. விலைகொடுத்து வாங்கும் கணினி இயங்குதளங்களும் ஏறத்தாழ அத்தகையனவே. குடியிருக்கலாம், சுவருக்குள் என்ன உள்ளது என்று பார்க்க இயலாது. கட்டற்ற இயங்குதளத்திலோ மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் வழங்கலாம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அவ்வாறே வளர்ந்தது. கணினியைக் கற்க விரும்புவோர் அதில் கற்பதே நன்று என்பேன்.

ஆயினும் லினக்ஸில் வகைகள் பல. சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, நான் காலி லினக்ஸ் நிறுவப்போகிறேன்” என்றான். கருந்திரையில் பச்சை எழுத்துகள் ஓடுவதைத் திரைப்படத்தில் கண்ட ஆர்வம்! காலி, கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கும் வல்லுநர்க்கென அமைந்தது. லினக்ஸுக்குப் புதியவர்கள் அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டா என்று அதனை உருவாக்கியோரே கூறுகின்றனர். நீச்சல் பழகுபவன் ஆற்றில் வெள்ளம் வரும் நாளையா தேடிச் செல்வான்?

என் தேர்வு லினக்ஸ் மின்ட். விண்டோஸில் பழகிய கைக்கு அதன் திரை அந்நியமாகத் தோன்றாது. அது உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே உபுண்டுவிற்கென எழுதப்பட்ட உதவிக் குறிப்புகள் பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். ஐயம் எழும்போது விடை எளிதில் கிடைப்பதே தொடக்கநிலையில் முதன்மையானது, அழகு பிறகு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் நம் நாட்டினது என்பதில் எனக்குப் பெருமையே. ஆனால் வழிகாட்ட ஆளின்றித் தனியே கற்பவர்க்கு மின்ட்டையே சொல்வேன்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடிவுற்றது. 11ஆம் பதிப்பை ஏற்காத கணினிகள் பல வீடுகளில் பரணுக்குச் சென்றுவிட்டன. நான்கு ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் மின்ட் நன்றாகவே இயங்கும்.

ஓர் எச்சரிக்கை. முதன்முறை நிறுவியபோது, வட்டினை முழுவதும் அழிக்கும் தெரிவை நான் படியாமலே அழுத்திவிட்டேன். பதினோராண்டுப் பாடக்குறிப்புகளும் என் அன்னையின் படங்களும் அன்றே மறைந்தன. பாடக்குறிப்புகளை மீண்டும் எழுதிக்கொண்டேன். நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். முதலில் கோப்புகளுக்குப் படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். மேலும், மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வட்டில் உள்ளவற்றை அது தானாக மாற்றாது. பெற்றோரின் கணினியாயின் அவர்தம் இசைவு இன்றியமையாதது.

மொழியைத் தமிழுக்கு மாற்றினால் கோப்பு, அமைப்புகள் முதலிய சொற்கள் திரையில் தோன்றும். இவ்வூரில் கடைப்பலகையிலும் காண இயலாத தமிழ் அங்கே கிடைக்கிறது! சிலவிடங்களில் ஆங்கிலமே நிற்கும். சில மொழிபெயர்ப்புகள் எனக்கு உவப்பானவை அல்ல. அவை தன்னார்வலர்கள் எழுதியவை. திருத்தம் அனுப்ப உங்களுக்கும் உரிமை உண்டு. பொருந்தாத சொல் ஒன்றைக் கண்டால் குறித்துக்கொண்டு வகுப்பிற்கு வாருங்கள். வேறு சொல் உண்டா என்று சேர்ந்து தேடுவோம்.